எட்டுச் சோழி, எத்தனை ஊர்?

அரையாண்டு விடுமுறைக்கு வடக்கே போவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் முதலில் கிளம்பியது சண்டைதான். எனக்கு அலுவலகத்தில் 5 நாள் லீவு கிடைத்தது. முன்னும் பின்னும் சனி, ஞாயிறு சேர்த்தால் 9 நாள், 8 இரவு. போகிறவர்கள் ஐந்து பேர்: அப்பாவுக்கு வயது 71, அம்மாவுக்கு 66, அப்புறம் நான், என் மனைவி, ஐந்தாம் வகுப்பு படிக்கும் பையன்.

ஆளுக்கொரு ஊரை மனதில் வைத்திருந்தார்கள். அம்மாவுக்குக் காசி. அதுவும் வெறும் காசி இல்லை. ராமேஸ்வரத்திலிருந்து எடுத்து வந்த மண் ஒரு வருடமாகப் பூஜை அலமாரியில் காத்திருந்தது. அதைப் பிரயாகை சங்கமத்தில் கரைத்துவிட்டு, கங்கை நீரோடு திரும்ப வேண்டும். அப்பாவுக்கு டெல்லி. காந்தி சுடப்பட்ட இடத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பையனுக்குத் தாஜ்மகால். மனைவிக்கு ஜெய்ப்பூர், முக்கியமாக சங்கானேரின் அச்சுத் துணிகள். இது போதாதென்று பெரியம்மா போன் செய்து, "அவ்வளவு தூரம் போறீங்க, அயோத்திக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமே, கயாவும் பக்கம்தான்" என்றார். வரைபடத்தில் எல்லாம் பக்கம்தான். காசியிலிருந்து அயோத்தி 200 கிலோமீட்டருக்கு மேல், கயா ஏறக்குறைய 250 கிலோமீட்டர். இரண்டும் வேறு வேறு திசை.

நான் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டவன். கல்யாணமான புதிதில் நானும் மனைவியும் 6 இரவில் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர், புஷ்கர், உதய்ப்பூர் என்று ஐந்து ஊர் பார்த்தோம். பார்த்தோம் என்று சொல்வதே தப்பு. அந்தப் பயணத்தில் எனக்கு இன்றும் தெளிவாக நினைவிருப்பது கார் டிக்கியில் பெட்டியை எந்தக் கோணத்தில் வைத்தால் மூடும் என்பதுதான். உதய்ப்பூர் ஏரியைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம், "இங்கே போனோம்ல?" என்று மனைவி கேட்பாள். போனோம். ராத்திரி எட்டரைக்குப் போய்ச் சேர்ந்து, மறுநாள் பத்து மணிக்கு அறையைக் காலி செய்தோம்.

அப்போது செய்த தப்பு, நாள் கணக்கு போட்டதுதான். "ஆக்ரா ஒரு நாள், ஜெய்ப்பூர் இரண்டு நாள்" என்று தாளில் எழுதும்போது ஒவ்வொரு நாளும் முழுசாகத் தெரியும். நடப்பில், ஊர் மாறும் நாள் என்பது நாளே இல்லை. பெட்டி கட்ட ஒரு மணி நேரம், அறையைக் காலி செய்து வண்டி பிடிக்க ஒரு மணி நேரம், வழியில் நாலு மணி நேரம், போன இடத்தில் அறை தயாராகும்வரை வரவேற்பறை சோபாவில் ஒரு மணி நேரம். பக்கத்து ஊரானாலும் பாதி நாள் காலி. கூடவே வயதானவர்கள் வந்தால் மீதிப் பாதியில் ஒரு தூக்கமும் போய்விடும்.

இந்தத் தடவை வேறு அளவுகோல் வைத்துக்கொண்டேன். ஒரு ஊரில் மூட்டை கட்ட வேண்டிய அவசியமில்லாமல் எத்தனை காலை கண்விழிக்கிறோம் என்று எண்ணுவது. அதுதான் அந்த ஊருக்கு நாம் உண்மையில் கொடுக்கும் நேரம். சாயங்காலம் போய்ச் சேர்ந்து மறுநாள் காலை கிளம்பும் ஊருக்கு இந்தக் கணக்கில் பூஜ்யம்.

இதை வீட்டில் விளக்கியபோது யாருக்கும் பிடிபடவில்லை. அம்மாதான் எழுந்து போய்ப் பல்லாங்குழிச் சோழிகளில் எட்டை எண்ணிக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் போட்டாள். "இந்தா, எட்டு ராத்திரி. எந்த ஊருக்கு எத்தனைன்னு நீயே வை." ஊர்ப் பெயர்களைக் காலண்டர் தாளில் எழுதி, கிழித்து வரிசையாக வைத்தோம். அப்பா டெல்லிக்கு மூன்று வைத்தார். அம்மா காசிக்கு நான்கு. மனைவி ஜெய்ப்பூருக்கு இரண்டு. பையன் தாஜ்மகாலுக்கு என்று கை நீட்டியபோது சோழியே இல்லை. அதற்கு முன்பே ஒன்று கடன். நாங்கள் பேசிப் பேசித் தீர்க்க முடியாததை அந்த மேசை ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டது.

எதைத் தூக்குவது என்பதற்கு நல்ல வழி சொன்னது மனைவி. "எந்த ஊரை இப்போ விட்டா அப்புறம் பார்க்கவே முடியாதோ, அதை மட்டும் வையுங்க." அம்மாவின் முழங்கால் இன்னும் எத்தனை வருடம் படித்துறைப் படிகளில் இறங்கும் என்று தெரியாது. அப்பாவும் அப்படித்தான். ஜெய்ப்பூருக்குச் சென்னையிலிருந்து நேர் விமானமே இருக்கிறது, நாங்கள் இருவரும் ஒரு நீண்ட வார இறுதியில் போய்விடலாம். அவளே தன் இரண்டு சோழியையும் எடுத்து ஆக்ராவில் ஒன்று, கைக்குள் ஒன்று என்று வைத்துக்கொண்டாள். கைக்குள் வைத்ததைக் கடனுக்குக் கழித்தோம். அயோத்தி, கயா தாள்களைப் பெரியம்மாவிடம் சொல்லாமலே மடித்துவிட்டேன்.

ஆக, டெல்லி 3, ஆக்ரா 1, காசி 4. இதில் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். காசியின் நான்கில் ஒன்றை எடுத்து, ஆக்ராவிலிருந்து காசிக்கு இரவு ரயிலாக்கினேன். ஓர் இரவு அறை வாடகை மிச்சம், பகலும் வீணாகாது என்று கணக்கு. இது என்ன ஆனது என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்தது, எந்த ஊரில் எந்தக் கிழமை. சுற்றுலாப் பட்டியல் போடுகிறவர்கள் கடைசியில் பார்க்கும் விஷயம் இது. முதலில் பார்க்க வேண்டும். தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. டெல்லியில் செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி எல்லாவற்றுக்கும் திங்கள். சாரநாத் அருங்காட்சியகத்துக்கு, அதாவது நம் ரூபாய் நோட்டில் இருக்கும் அந்தச் சிங்கத் தூணின் தலைப்பகுதி வைத்திருக்கும் இடத்துக்கு, மறுபடி வெள்ளி. சனிக்கிழமை மதியம் டெல்லியில் இறங்கினால் எங்களுக்கு அங்கே கிடைக்கும் இரண்டு முழுக் காலைகள் ஞாயிறும் திங்களும். அதனால் அப்பாவின் காந்தி ஸ்மிருதியும் பையனின் ரயில் அருங்காட்சியகமும் ஞாயிற்றுக்கிழமைக்கே போயின. இரண்டும் புது டெல்லியில் ஒரே பக்கம்தான். திங்களன்று எல்லா நாளும் திறந்திருக்கும் ஹுமாயூன் கல்லறை, குதுப் மினார். செங்கோட்டைக்கு நேரம் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வெளியிலிருந்து சிவப்புச் சுவரைப் பார்த்ததோடு சரி.

டிக்கெட்டைப் பொறுத்தவரை போக டெல்லிக்கு, திரும்ப காசியிலிருந்து நேராகச் சென்னைக்கு என்று தனித்தனியாக எடுத்தேன். போன ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. காசியிலிருந்து டெல்லிக்கு வந்தே பாரத்திலேயே எட்டு மணி நேரம் ஆகும். ஒரு சோழியை அதற்காகக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

டெல்லி நன்றாகப் போயிற்று, நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. காந்தி ஸ்மிருதி மட்டும். 1948 ஜனவரி 30 அன்று காந்தி அறையிலிருந்து பிரார்த்தனைக்கு நடந்த வழியைக் காலடித் தடங்களாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அந்தத் தடங்களுக்குப் பக்கத்திலேயே மெதுவாக நடந்தார். கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கடைசித் தடத்துக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். எனக்கு ரயில் அருங்காட்சியகம் மூடிவிடுமே என்ற பதற்றம். நல்ல வேளை, வாயைத் திறக்கவில்லை.

ஆக்ராவில்தான் பாடம் ஆரம்பித்தது. டிசம்பர் கடைசி என்றால் வடக்கே மூடுபனி. குளிர் என்று நினைத்து ஸ்வெட்டர் வாங்குகிறோம். உண்மையில் அது நம் நேரத்தைத் தின்னும் பனி. செவ்வாய்க்கிழமை காலை 7 மணிக்கே கிளம்பலாம் என்றால், கார் ஓட்டுநர் தலையை ஆட்டினார். யமுனா விரைவுச்சாலை 165 கிலோமீட்டர் நேர்க்கோடுபோல நல்ல சாலைதான், ஆனால் பனியில் முன்னால் நிற்கும் லாரி கடைசி நொடி வரை தெரியாது. பனி விலகி, பத்தரைக்குக் கிளம்பி, ஆக்ரா சேர மணி இரண்டரை. அவர் சொன்னதைக் கேட்டதில் எனக்கு வருத்தமே இல்லை.

வருத்தம் அடுத்ததில். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆக்ராவில் பளீரென்று வெயில். நானோ "தாஜ்மகாலைச் சூரிய உதயத்தில்தான் பார்க்க வேண்டும்" என்று எங்கோ படித்ததைப் பிடித்துக்கொண்டு, அந்த வெயிலைக் கோட்டைக்குக் கொடுத்தேன். கோட்டை மாடத்திலிருந்து யமுனை வளைவுக்கு அப்பால் தாஜ்மகால் சின்னதாகத் தெரிந்தது. "இப்பவே அங்க போலாம்ப்பா" என்றான் பையன். "நாளைக்குக் காலையில பார், எப்படி இருக்கும்னு" என்றேன்.

மறுநாள் காலை எப்படி இருந்தது என்றால், இல்லவே இல்லை. ஆறே முக்காலுக்குக் கிழக்கு வாசல் வரிசையில் நின்று உள்ளே போனோம். சிவப்புக் கல் நுழைவாயிலைத் தாண்டினால் நீளமான நீர்த்தடமும் அதன் முடிவில் தாஜ்மகாலும் தெரிய வேண்டும். நீர்த்தடம் பத்தடி வரை இருந்தது. அதற்கு மேல் வெள்ளை. அங்கே நின்ற எல்லோரும் அந்த வெள்ளையை நோக்கி செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "எங்கப்பா தாஜ்மகால்?" என்றான் பையன். அம்மா அவனைத் தன் சால்வைக்குள் இழுத்துக்கொண்டு, "உள்ளேதான் இருக்குடா, சாமி மாதிரி. திரை போட்டிருக்கு" என்றாள். மேடைமேல் ஏறி, கை வைத்துத் தடவிய பிறகுதான் பளிங்கு என்று நம்பினோம். சில்லென்றிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் குவிமாடம் பாதியில் கரைந்துபோயிருந்தது. டிக்கெட்டுக்கு 3 மணி நேரம்தான் கெடு. நுழைவுக்கு 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்கு மேலும் 200; 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். கெடு முடியும்போது நான்கு மினார்களில் ஒன்று கோடாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

எங்களைக் காப்பாற்றியது இரவு ரயில்தான், அதற்காவது அதைப் பாராட்ட வேண்டும். மதியம் கையில் இருந்தது. அறையைக் காலி செய்து பெட்டிகளை விடுதி வரவேற்பறையிலேயே வைத்துவிட்டு (கேட்டால் பெரும்பாலும் வைத்துக்கொள்கிறார்கள்) சாப்பிட்டோம். பன்னிரண்டு மணிக்கு வெயில் வந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மெஹ்தாப் பாக் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். தாஜ்மகாலின் பின்பக்கம் முழுசாக எதிரே. கூட்டம் இல்லை, புல்தரையில் உட்கார்ந்தோம். பையன் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா ஆக்ரா பேட்டா என்ற இனிப்பைப் பொட்டலத்திலிருந்து எடுத்துத் தின்றுகொண்டே, "இது நம்ம பூசணிக்காய்தானே?" என்று மட்டும் கேட்டார். ஆமாம், நீர்ப்பூசணிதான்.

டிசம்பரில் போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: பார்க்க வேண்டியதை வெயில் இருக்கும் மதியத்தில் பார்த்துவிடுங்கள். காலை என்பது கிடைத்தால் லாபம்.

இனி அந்தக் கெட்டிக்காரத்தனம். ரயில் ஆக்ராவில் வந்து சேர்ந்ததே மூன்று மணி நேரம் தாமதம். நடைமேடைக் குளிரில் அம்மாவும் அப்பாவும் ஒரே போர்வைக்குள். காலை 9 மணிக்குக் காசி சேர வேண்டியது, மாலை நாலரை. தூங்கினோமா என்றால், அவ்வப்போது கண்ணை மூடினோம். வியாழக்கிழமை முழுசாகப் போயிற்று. சாயங்காலம் கங்கை ஆரத்திக்குப் போக யாருக்கும் தெம்பில்லை. ஓர் அறையின் வாடகையை மிச்சம் பிடித்து, காசியில் ஒரு நாளை விற்றிருந்தேன். இரவு ரயில் நல்லதுதான், முப்பது வயதுக்காரர்கள் மார்ச் மாதத்தில் போனால். பனிக்காலத்தில் வயதானவர்களோடு என்றால் அதைச் செலவுக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

சரியாகச் செய்த ஒன்று, தங்கிய இடம். ரயில் நிலையம் பக்கம் மலிவாகக் கிடைத்தது. அதை விட்டு, தமிழ்க் குடும்பங்கள் காலங்காலமாக வாழும் அனுமன் காட் பகுதியில் எடுத்தோம். பாரதியார் இளம் வயதில் அத்தை வீட்டில் இருந்து படித்ததும் அங்கேதான். சந்துக்குள் கார் வராது, பெட்டியைத் தள்ளிக்கொண்டு மாடுகளுக்கு வழிவிட்டு நடக்க வேண்டும். ஆனால் படித்துறை நாலு எட்டு. அம்மா யாரையும் எழுப்பாமல் தானே போய்க் கங்கையைப் பார்த்துவிட்டு வரலாம். தினமும் போக வர ஒரு மணி நேரம் மிச்சம் என்றால், மூன்று நாளில் மூன்று மணி நேரம் கூடக் கிடைத்த மாதிரி.

வெள்ளிக்கிழமை பிரயாகை. சாரநாத் அருங்காட்சியகம் அன்று மூடியிருக்கும் என்பதால் அந்த நாளை அதற்கு ஒதுக்கியிருந்தேன். போக 125 கிலோமீட்டர், பனி வேறு, மூன்றரை மணி நேரம். போவதற்கு முன்னால் வரை, ஒரு முழு நாளை இதற்குக் கொடுப்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. இருந்த இரண்டே காலையில் ஒன்று.

சங்கமத்தில் படகுகளை நடு ஆற்றில் கட்டி மேடை போட்டிருக்கிறார்கள். தமிழ் பேசும் சாஸ்திரிகள் ஒருவர் ராமேஸ்வரத்து மண்ணைக் கரைக்கச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம் வேணி தானம். கணவன் மனைவிக்குத் தலைவாரிப் பின்னி, பூ வைத்து, நுனி முடியைக் கத்தரித்து ஆற்றில் விட வேண்டும். அம்மாவைத் தனக்கு முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, சீப்பைக் கையில் வாங்கிய அப்பாவுக்குக் கை நடுங்கியது. குளிரா, கூச்சமா தெரியவில்லை. 45 வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அந்தத் தலையைப் பின்னியதில்லை. மூன்று கால் எடுத்தார். இரண்டு கால் ஒன்றாகப் போயிற்று. "வலது பக்கத்தை நடுவுல கொண்டாங்க" என்று அம்மா திரும்பாமலே சொன்னாள். கலைத்து மறுபடி பின்னினார். நரைத்த, எலிவால் மாதிரி ஒரு பின்னல். தலையைச் சுற்றிக் கடற்காகங்கள் கத்திக்கொண்டிருந்தன. பையன் அவற்றுக்கு ஓமப்பொடி வீசுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தது எங்கள் முறை என்று சாஸ்திரிகள் சொன்னபோது எனக்கும் பின்னத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

திரும்பிக் காசி சேர ராத்திரி எட்டு. ஆரத்தி மறுபடி போயிற்று.

ஆக, அம்மா இத்தனை வருடம் காத்திருந்த காசியில் எங்களுக்கு மிஞ்சியது சனிக்கிழமை ஒன்று. விடியற்காலையில் செல்போன்களை அறையிலேயே வைத்துவிட்டு விஸ்வநாதர் தரிசனம் (உள்ளே அனுமதி இல்லை, பெட்டகம் தேடி நிற்கும் நேரம் மிச்சம்), அன்னபூரணி, விசாலாட்சி. மதியம் அவசரமாகச் சாரநாத். சாயங்காலம் தசாசுவமேத படித்துறையில் ஒரு வழியாக ஆரத்தி. எல்லாம் பார்த்தோம், எதிலும் உட்காரவில்லை. அதுவும் என் உதய்ப்பூர் மாதிரியே ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது.

மறுபடி சோழி வைத்தால், டெல்லி 2, ஆக்ரா 1, காசி 5, நடுவில் பகல் ரயில் என்று வைப்பேன். டெல்லிக்கு எந்த வருடமும் ஏதாவது வேலையாகப் போகலாம். இன்னொன்று, காசியை முன்னால் வைத்துவிட்டு டெல்லியில் முடித்திருக்க வேண்டும். கடைசி ஊருக்குத்தான் முந்தைய எல்லா ஊர்களின் தாமதமும் வந்து சேர்கிறது. யாருடைய ஊர் முக்கியமோ அதைக் கடைசியில் வைத்தது என் பிசகு. ஞாயிற்றுக்கிழமை விமானத்தை மட்டும் பனிக்குப் பயந்து மதியத்துக்கு மேல் எடுத்திருந்தேன். காலை விமானத்துக்குப் போனவர்கள் இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

காசியில் பிடித்த காய், பழம் ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் அல்லவா. அம்மா சீத்தாப்பழத்தை விட்டாள். அப்பா பீர்க்கங்காயை விட்டதாகச் சொன்னார்; அவர் அதைச் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை. "நீ என்னம்மா விட்டே?" என்று அம்மா கேட்டதற்கு என் மனைவி, "நான்தான் ஜெய்ப்பூரையே விட்டுட்டேனே அத்தை" என்றாள். அம்மா பதறிப்போய், "வாயைக் கழுவு. இங்கே விட்டா அப்புறம் தொடவே கூடாது" என்று, அவளுக்காகத் தானே ஒரு காயைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். சௌசௌ. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

இப்போது பூஜை அலமாரியில், மண் இருந்த இடத்தில் கங்கைச் சொம்பு உட்கார்ந்திருக்கிறது. அதை ராமேஸ்வரம் கொண்டுபோய் அபிஷேகத்துக்குக் கொடுத்தால்தான் யாத்திரை முடியும். அடுத்த நீண்ட விடுமுறைக்கு 3 சோழி தேறும். "ஒரு ராத்திரி போதும்டா, காலையில 22 தீர்த்தம், சாயங்காலம் ரயில்" என்று அம்மா ஒன்றை வைத்தாள். மனைவி பேசாமல் இன்னும் இரண்டை எடுத்து அதன் பக்கத்தில் நகர்த்தினாள். அப்பா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மதுரை பக்கம்தானே?"